டொக்டருக்குத் தெரியாமல்

நெல்லியடியில் ஒரு பல் வைத்தியரிடம் பதினேழு வருடம் வேலை செய்தேன். கூட்டித் துடைக்கத்தான் போனேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? அங்கே பொய்ப்பல் செற் செய்துகொண்டிருந்தவர் கனடாவுக்குப் போனதும், டொக்டர் மெழுகை என் கையில் தந்து, "அக்கா, உங்கடை கை நடுங்காது. பழகிப் பாருங்கோ" என்றார். பழகினேன். அதற்குப் பிறகு அங்கே கட்டிய பல்லெல்லாம் என் கையால் கட்டியதுதான். வெளியே யாருக்கும் தெரியாது. டொக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆட்களுக்கு முன்னால் கதைக்கவே எனக்குக் கூச்சம். அறையைப் பிரித்த திரைக்குப் பின்னால் இருப்பது வசதியாக இருந்தது.

மெழுகில் பல்லை அடுக்கிக் கொடுத்ததும், டொக்டர் அதை வந்தவரின் வாயில் வைத்துக் கதைக்கச் சொல்லுவார். சைவ ஆட்கள் "சிவசிவா" என்பார்கள். குருநகரிலிருந்து வந்த ஒரு வேதக்கார அம்மா "சேசுவே" என்றார். சொல்லும்போது காற்றுச் சீறினால் முன்பல் சரியில்லை. எனக்குத் திரைக்குப் பின்னாலேயே விளங்கிவிடும். மெல்ல ஒருமுறை இருமுவேன். டொக்டர் பல்லைக் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்.

ஓய்வுபெற்ற ஒரு ரீச்சருக்குச் செய்த செற்றில் கீழ்ப்பக்கம் உயர்ந்து, பல்லீறில் குத்திக்கொண்டு நின்றது.

"டொக்டர், இது முரசை வெட்டும். திரும்ப அளவெடுக்க வேணும்."

"நாளைக்கு அவவின்ரை மகளுக்குக் கலியாணம் அக்கா. இப்ப குடுத்து விடுவம். பிறகு ராவிக் குடுக்கலாம்."

ரீச்சருக்கு முரசு புண்ணாகி, கன்னம் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். படிப்பில்லாத ஒருத்தி பல் கட்டுகிறாள் என்று யாரோ சுகாதாரப் பகுதிக்கு எழுதிப் போட, இரண்டு அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள்.

டொக்டர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். "சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா. நீங்கள் இஞ்சை வேலை செய்யிறியள் எண்டு."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மூன்று படித்த மனிதர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வாயை அசைத்து அசைத்து வாசிக்க வெட்கமாக இருந்தது. வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன்.

மூத்த அதிகாரி தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். டொக்டருக்குத் தெரியாமல், அவர் இல்லாத நேரத்தில், நானாகவே அந்தப் பல்லைக் கட்டிக் கொடுத்தேனாம்.

"அம்மா, இது உண்மையோ?"

நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போது வாய் திறப்பார், 'நான் சொல்லித்தான் செய்தவ' என்று ஒரு சொல் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கையுறை கழன்று குப்பைக்குள் போனது. அவர் நிமிரவில்லை.

"ஓம்" என்றேன்.

அவர்கள் போனதும், "தப்பினம் அக்கா" என்று டொக்டர் மூச்சு விட்டார். என்னையும் சேர்த்துச் சொன்னார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

அடுத்த நாள் வழக்கம்போல் போனேன். வாசலிலேயே மறித்தார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. உங்களை இனியும் வைச்சிருந்தால், எனக்குத் தெரிஞ்சுதான் எல்லாம் நடந்தது எண்டு சனம் கதைக்கும்."

"தெரிஞ்சுதானே நடந்தது, டொக்டர்?"

பதினேழு வருடத்தில் அவரை எதிர்த்து நான் கேட்டது அது ஒன்றுதான். அவர் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தார். காத்திருக்கிற வாங்கில் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தார்கள்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா" என்றார். "ஆக்கள் இருக்கினம்."