பந்தி எடுக்கும் விதம்

ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் நடந்த கலைமுகாமுக்கு நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. நான் தென்காசியிலேயே கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். வயிறு எரிந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை, நன்றாகவே எரிந்தது.

போன சாரல் சீசனில் அவள் வந்து, குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் தன் படத்தைத் திரையிட்டாள். கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகளைக் குளிருக்குமுன் பூச்சூட்டி ஊருக்குள் இறக்குவது அங்கே திருவிழாவாம். அவள் பூவை விட்டுவிட்டாள். அந்த ஊர்ப் பெண்களைக் கம்பளி நெய்யவைத்து, நம்மூர் மேடையில் பொன்னாடை போர்த்துவதுபோல ஒவ்வொரு மாட்டுக்கும் போர்த்தியிருந்தாள். இவ்வளவுதானா என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு மாடுகள் தொழுவத்தில் வரிசையாக நின்று வைக்கோல் தின்றன. கேமரா முகம் முகமாக நகர்ந்தது. ஒவ்வொரு மாடும் மென்றுகொண்டே நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்ததற்குப் போனது. மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் கல்யாணப் பந்தியை எடுக்கும் விதம். இலையில் குனிந்தவர் நிமிராமல் நகரமாட்டேன். ஒரு முகம் விட்டுப்போனாலும் சொந்தத்துக்குள் சண்டை வந்துவிடும். பாவூர்சத்திரத்துக் கல்யாணங்களுக்கு அவள் என்னோடு லைட் பிடிக்க வந்திருக்கிறாள். முகாமுக்கு நான் அனுப்பியதோ, அருவியை ட்ரோனில் எடுத்த படம். பந்தியை அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் நன்றிப் பட்டியல். 'பந்தி எடுக்கக் கற்றுத்தந்த தோழி' என்று முதலில் என் பெயர். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அது எனக்கு ஆறுதல் பரிசு மாதிரி இருந்தது. வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பேர எடுத்துருட்டி."

"ஏட்டி, நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான். ஒன் தயவு எனக்கு வேண்டாம்."

கெஞ்சுவாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். அவளோ, "ஒனக்குப் புடிக்கலன்னா வேண்டாம்ட்டி" என்று சொல்லி, அன்றைக்கே எடுத்துவிட்டாள்.

இப்போது அந்தப் படம் ஊர் ஊராக ஓடுகிறது. போன வாரம் லிங்க் அனுப்பியிருந்தாள். கடைசி எழுத்துவரை பார்த்தேன். நெய்த பெண்களின் பெயர்கள் வந்தன. அவர்களுக்குப் பின்னால், ஒன்று விடாமல், மாடுகளின் பெயர்களும் வந்தன.