எங்களைப் பற்றி என்ன தெரியும்?

என்னோடு டைப்ரைட்டிங் படித்தவள் ஓர் இன்டர்வியூவுக்குப் போய் முகம் வாடித் திரும்பினாள். "எங்க கம்பெனியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டாங்கடி. பேரைத் தவிர ஒண்ணும் தெரியல. அதோட எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். அதனால், 1991இல் எனக்கும் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்தபோது நான் முதலில் தேடியது நல்ல புடவையை அல்ல, அந்தக் கம்பெனியைப் பற்றிய விவரத்தைத்தான்.

அப்போது சுங்குவார்சத்திரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அதுதான் என் வீடு. அக்கா கணவருக்கு ஒரு தம்பி இருந்தார், மணிமங்கலத்தில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் பி.காம். முடித்த நாளிலிருந்து, அவருக்கு என்னைக் கட்டிவைக்கும் பேச்சை மாமா எடுத்துக்கொண்டே இருந்தார். மிரட்டவில்லை, திட்டவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "எங்க தம்பி தங்கமான பையன் பாப்பா. வெளிய எங்க தேடப் போறே?" என்பார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். வேலை கிடைத்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த வழி.

கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், ஹைவேயிலிருந்து சற்று உள்ளே இருந்தது. லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ரப்பர் குழாய் செய்தார்கள். காஞ்சிபுரம் போய் நூலகத்தில் தேடினேன். தொழிற்சாலைகளின் முகவரிப் புத்தகத்தில் அதற்கு இரண்டே வரி. பழைய ஆங்கிலப் பேப்பர்களைப் புரட்டியதில், பங்குதாரர் கூட்டத்துக்கு அவர்கள் கொடுத்திருந்த அறிவிப்பு அகப்பட்டது. அதை அப்படியே மனப்பாடம் செய்தேன். ரப்பர் எங்கிருந்து வருகிறது, அதில் ஏன் கந்தகம் சேர்க்கிறார்கள் என்பதுகூடப் படித்தேன். ஆனாலும் திருப்தி இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் இருபது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் பெண்கள். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் தெரியாத ஆள் ரோட்டோரம் நின்றாலே விசாரிப்பார்கள். கேட்டிலிருந்த வாட்ச்மேன் என்னையே பார்த்தான். தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். திரும்பிப் போகக் கூச்சப்பட்டு டீ கேட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மா எழுந்து வந்தார். கைவிரல்களில் சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள்.

"யாரும்மா நீ? கம்பெனி அனுப்புச்சா?"

"இல்லக்கா. இங்க வேலைக்கு இன்டர்வியூ. எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்."

"இன்னா வேலைக்கு?"

"ஆபீஸ்ல. டைப் அடிக்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாய்களில் பிசிர் நறுக்கும் வேலை செய்தவராம். எல்லோரும் சேர்ந்து தொழிற்சங்கத்தில் சேரக் கையெழுத்துப் போட்டார்களாம். மறுவாரமே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"அந்த டைப் அடிக்கிற சீட்டுல ஒரு பொண்ணு இருந்திச்சு. நல்ல பொண்ணு. இங்க வந்து எங்களோட டீ குடிக்கும். யார் யார் இங்க குந்திகினு கீறாங்க, இன்னா பேசிக்கிறாங்கன்னு தெனமும் சொல்லுன்னு அதைக் கேட்டாங்களாம். அழுதுகினே வேலைய வுட்டு நின்னுடுச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னைப் போவாதேன்னு சொல்ல நான் யாரு? உன் வூட்டுல இன்னா கஷ்டமோ" என்றார்.

இன்டர்வியூ அன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த, ஆள் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனெல் ஆபீசர் மட்டும்தான் பேசினார். மரியாதையான மனிதர், எனக்கும் டீ வரவழைத்தார். எதிர்பார்த்த கேள்வியையே முதலில் கேட்டார். பங்குதாரர் அறிவிப்பிலிருந்து கந்தகம் வரை தடங்கல் இல்லாமல் சொன்னேன். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஆபீசர் சிரித்தார். "நல்லா படிச்சிருக்கீங்க. சரி, போன வாரம் எதிர்ல டீக்கடையில உக்காந்திருந்தீங்களே, அங்க என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"உள்ள வேலை எப்படி இருக்கும்னு கேட்டேன் சார்."

"யார்கிட்ட?"

"பேர் கேக்கல சார்."

"பரவாயில்லை, போகப் போகக் கேட்டுக்கலாம். உங்ககிட்ட நல்லா பேசுறாங்க. எல்லாருக்கும் அது வராது" என்றவர், திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

இன்டர்வியூவுக்குத் தயாராக வேண்டும் என்று நான் எடுத்த முயற்சிதான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதும்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "யார் வந்தாங்க போனாங்கன்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கின்னா நஷ்டம்? மனசு ஒப்பலைன்னா வேலையே வேணாம். தம்பிகிட்ட பேசி முடிச்சிடலாம்" என்றார். இரண்டுமே அவருக்குச் சம்மதம். அவர் வெளியே போனதும் அக்கா என் கையைப் பிடித்து, "நீ வேலைக்குப் போ. இந்த வூட்டுலயே கெடக்காதே" என்றாள். அவள் அப்படி ஒரு குரலில் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

சேர்ந்தேன். சாயங்காலங்களில் ஆபீசர் என் மேஜையைக் கடக்கும்போது, "வெளிய என்ன விசேஷம்?" என்பார். "பாக்கல சார்" என்பேன். பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வறண்டு கிடந்த ஏரி வழியாகக் கம்பெனியின் பின்பக்கக் கேட்டுக்கு நடப்பேன். முள்ளும் வெயிலுமாக அந்தப் பாதையில் நடக்கும்போது மட்டும் மூச்சு சீராக இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் நின்றுவிட, முன்பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. தார்ப்பாயிலிருந்து ஒழுகும் தண்ணீரை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, எங்கள பாக்கக் கூடாதுன்னு சுத்திகினு போறியாமே?"

"நான் உள்ள யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா."

"சொல்லலைன்னு யாரு கண்டா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது. வாட்ச்மேன் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றான்.

அன்று சாயங்காலம் ஆபீசர் நின்று கேட்டார். "இன்னைக்குப் பேசினீங்களே, என்னவாம்?"

"மழையில ஒழுகுதாம் சார்" என்றேன்.

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத நீள அறை. நாள் முழுக்க ரப்பர் நெடி. தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கும் போகாது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

வெளியே உட்கார்ந்தவர்களில் பாதிப்பேரைப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவை எடுக்கவில்லை. மாமாவின் தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. பந்தியில் நான்தான் பாயசம் ஊற்றினேன். ஆனால் வேலையை விட்டால் அடுத்த மாப்பிள்ளைப் பேச்சு ஆரம்பமாகும் என்று தெரியும். காலையில் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நிம்மதி. கம்பெனி கேட்டைக் கண்டதும் அது போய்விடும். சாயங்காலம் இதே கதை திசை மாறி நடக்கும்.

சில வருஷங்கள் கழித்துச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தலையில் காய்கறிக் கூடை. என்னை முதலில் அடையாளம் கண்டவர் அவர்தான்.

"இன்னும் அங்கதான் கீறியா?"

"அங்கதான்கா."

"சங்கத்துல கையெழுத்துப் போட்டியா?"

"ஸ்டோர்ஸ் ஆபீஸ் ஸ்டாஃப்ல சேர்ந்தது. எங்களைச் சேக்க மாட்டாங்க."

"அப்ப ரெண்டு பக்கமும் இல்லேன்னு சொல்லு" என்று சிரித்தார். கூடையிலிருந்து நாலு கத்தரிக்காய் எடுத்து என் கையில் திணித்தார். காசு எடுக்கப் பையைத் திறந்தேன். "வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.