ஸ்ட்ரெங்த் தொண்ணூறு, குவாலிட்டி பூஜ்யம்

போன சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர் டேங்க் ஓரத்தில், டிவி டிஷ்ஷை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கீழே ஹாலில் என் மனைவி செல்வி டிவியில் பேசிக்கொண்டிருந்தாள். குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, என்னைத் தவிர. நான் பார்ப்பதற்காகக் கீழே இறங்கினால் படம் போய்விடும். பிறகு யாருமே பார்க்க முடியாது.

ஒரு மனிதன் தன் மனைவி டிவியில் வருவதைப் பார்க்க ஒரு மாதத்துக்கும் மேலாகப் பாடுபட்டு, கடைசியில் இப்படி நிற்கிறான் என்றால் யாரோ ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த யாரோவை ஊரெல்லாம் தேடினேன்...

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எனக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் போட்டோவைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவேன். தினமும் டைரி எழுதுகிறேன். அதில் மார்ஜின் உண்டு.

செல்வி அப்படியில்லை. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே அவள் நாட்டுக்கோழி வளர்க்கிறாள். கோழிகளும் அவளைப் போலத்தான். எந்த வரிசையிலும் நிற்காது.

அந்தக் கோழிகளைத் தேடித்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். அரசுத் தமிழ் சேனலில் ஒரு விவசாய நிகழ்ச்சி. கோழி வளர்க்கும் பெண்களைப் பேட்டி எடுக்கிறார்களாம். வந்த அன்று எங்கள் ஆபீஸில் ஆடிட். நகர முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூட ஜோடியாக வைக்காமல் கேட்டேன்.

“என்ன கேட்டாங்க?”

“கோழியப் பத்திக் கேட்டாங்க.”

“அப்புறம்?”

“உங்களப் பத்தியும் கேட்டாங்க.”

“என்னைப் பத்தியா? நீ என்ன சொன்ன?”

“டிவில வரும், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் என்னைப் பற்றி என்னிடம் அவள் நிறையச் சொல்லியிருக்கிறாள். ஆனால் வெளியாளிடம் என்ன சொல்வாள்? அது எனக்குத் தெரியாது. உங்களுக்கு உங்கள் வீட்டில் தெரியுமா?

உடனே டிவியைப் போட்டேன். நாங்கள் டிவி போட்டு வெகு நாளாகியிருந்தது. ஆளுக்கொரு போன் வந்தபிறகு யார் ஹாலில் உட்காருகிறார்கள்? திரை நீலமாக வந்தது. நடுவில் இரண்டு வார்த்தைகள் — சிக்னல் இல்லை.

எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. மாடியில் அரசாங்கத்தின் இலவச சேனல்களுக்கான டிஷ் இருக்கிறது. பெட்டியின் மெனுவைத் திறந்தேன். அதில் இரண்டு கோடுகள். ஸ்ட்ரெங்த் தொண்ணூறு. குவாலிட்டி பூஜ்யம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் காவ்யா எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இது டிவியோட ரிப்போர்ட்டா, உங்க ரிப்போர்ட்டா?”

பழைய ஆன்டெனா காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது படம் மோசமாக வரும், ஆனால் வரும். கொசு பறக்கும், ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். இருந்தாலும் கதை புரியும். டிஜிட்டல் வந்தபிறகு அந்தச் சமாளிப்பெல்லாம் கிடையாது. சிக்னல் கொஞ்சம் குறைந்தால் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே உறையும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் சுத்தமாக வராது... யோசித்தால் நானும் கொஞ்சம் டிஜிட்டல் ஆசாமிதான்.

சரி, சிக்னல் ஏன் வரவில்லை? எனக்குச் சந்தேகமே இல்லை. தருமபுரியில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. பஸ்ஸில் ஆபீஸ் போகும்போது தினமும் பார்க்கிறேன். கோளாறு அங்கேதான். தினமும் மாலை டிவியைப் போட்டு, மழையா வெயிலா, காற்று எந்தப் பக்கம் என்பதோடு சேர்த்து டைரியில் குறித்தேன். அதையெல்லாம் தொகுத்துக் கோபுரத்துக்காரர்களுக்குப் புகார் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். ‘மேற்குக் காற்று வீசும் நாட்களில் தங்கள் கோபுரம் சற்றே அசைவதாகத் தோன்றுகிறது’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரியை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

ஒளிபரப்பு சனிக்கிழமை என்று தகவல் வந்த மறுநாள், அங்கிருந்து ஒரு இன்ஜினியர் போன் செய்தார். நான் முழு விவரமும் சொன்னேன். காற்றின் திசை உட்பட. பாவம், குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சார், ஒண்ணு கேக்கலாங்களா? உங்க மாடில இருக்கறது எப்புடி இருக்கும்? கம்பி கம்பியாவா, தட்டு மாதிரிங்களா?”

“தட்டு.”

“தட்டுன்னா அது எங்களப் பாக்கலீங்க சார். மேல சேட்டிலைட்டப் பாக்குது. எங்ககிட்ட டிவி நின்னு ரொம்ப நாளாச்சிங்க. இப்ப ரேடியோ மட்டுந்தான்.”

“அப்படியா...”

“ரேடியோ நல்லா கேக்குதுங்களா சார்?”

நல்லா கேக்குது என்றேன். “சந்தோசங்க சார்” என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதமாக, சம்பந்தமே இல்லாத ஒரு கோபுரத்தைக் கண்காணித்து வந்திருக்கிறேன். இதைச் செல்வியிடம் சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் பேசியிருக்கிறேன் போல. சாப்பாடு போடும்போது அவளாகவே, “ரேடியோ நல்லா கேக்குதுங்களா சார்?” என்றாள்.

டிஷ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் தொப்பூரில் ஒரு ஓட்டல் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியுமாம். நிகழ்ச்சி சனிக்கிழமை! காவ்யா, “போன்ல பாத்துக்கலாம்ப்பா, விடுங்க” என்றாள். விடுவேனா? தங்கையை டிவியில் பார்க்க மொரப்பூரிலிருந்து மச்சான் முருகேசன் வருகிறார். அவரை உட்காரவைத்து உள்ளங்கை அகலத்தில் காட்டுவதா? நம் வீட்டு ஹாலில், நம் வீட்டு டிவியில் செல்வி வர வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் பெரிதாகப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு ஸ்பேனரோடு மாடி ஏறினேன். காவ்யா டிவி முன்னால். மச்சான் மாடிப்படி நடுவில். அவள் சொல்வதை அவர் வாங்கி எனக்கு அனுப்ப வேண்டும்.

நட்டைத் தளர்த்தித் திருப்பினேன்.

“மச்சான், வருதா?”

“காவ்யா, வருதாம்மா?”

“பூஜ்யம் மாமா!”

“பூஜ்யமாம் மாப்ள!”

இடது பக்கம் பூஜ்யம். வலது பக்கம் பூஜ்யம். மேலே தூக்கினாலும் பூஜ்யம். மணி ஐந்தைத் தாண்டியது. மச்சான் படியிலிருந்தே, “மாப்ள, நீங்க பேசாம கீழ வாங்க. எந்தங்கச்சிய நேர்லயே பாத்துக்கறன்” என்றார். எப்படி இறங்குவது? நிகழ்ச்சி ஒரு தடவைதான் வரும்.

அப்போது செல்வி, காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள், டிவியில் தன்னைத்தானே பார்ப்பதற்கு. ஒரு நிமிஷம் டிஷ்ஷையே பார்த்தாள்.

“ஏங்க, இது இப்படியா இருந்துச்சி?”

“எப்படி?”

“இவ்ளோ நேராவா இருந்துச்சி?”

நான் டிஷ்ஷையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சீங்களே, அன்னிக்கு இதுவும் கோணலா இருக்குன்னு நீங்கதான நேரா வெச்சீங்க? நட்டெல்லாம் முறுக்குனீங்களே!”

ஆமாம். வைத்தேன். டிவிக்காரர்கள் வருவதற்கு முந்தைய வாரம். சுவர் நேர், டேங்க் நேர், டிஷ் மட்டும் எங்கேயோ வேடிக்கை பார்ப்பதுபோல் ஒருச்சாய்ந்து நின்றது. சுவருக்கு இணையாகத் திருப்பி இறுக்கிவிட்டு, ஒரு காபி குடித்துத் திருப்தியாக உட்கார்ந்தேன். இத்தனை நாள் யோசித்தும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை? நான் செய்த நல்ல காரியமாயிற்றே. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

“பழையபடி கோணலா வெய்ங்க” என்றாள் செல்வி. “முன்னெல்லாம் இந்தக் கொடிக்கயிறு அந்தத் தட்டோட ஓரத்துல ஒரசும். துணி மாட்டறப்ப இடிக்கும். இப்ப ஒரசறதே இல்ல பாருங்க.”

கயிறு உரசும்வரை திருப்பினேன். பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்சம் கவிழ்த்தேன்.

கீழேயிருந்து ஒரு கூச்சல். “வந்துருச்சி!”

“வந்துருச்சாம் மாப்ள! அப்படியே புடிங்க!”

பிடித்தேன். நட்டை இறுக்க ஸ்பேனரை வைத்தால் டிஷ் அசைகிறது. அசைந்தால் படம் உடைகிறது. கையை எடுத்தால் மொத்தமும் போகிறது. “நான் வேணா புடிச்சிக்கறன், நீங்க போய்ப் பாருங்க” என்றாள் செல்வி. அவள் வரும் நிகழ்ச்சி. புதுச் சேலை. “நீ போ” என்றேன். போனாள்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் மச்சானின் அஞ்சல் சேவை ஒழுங்காக நடந்தது.

“நம்ம வூடு தெரியுது மாப்ள! செல்வி வருது! அட, சேவல் வந்து மைக்கக் கொத்துது!”

பிறகு குரல் தேய்ந்தது. பிறகு நின்றேவிட்டது. மச்சானும் ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்! டிஷ்ஷின் உச்சியில் ஒரு காக்கை வந்து அமர்ந்து என்னைப் பார்த்தது. விரட்டக் கை இல்லை. தூரத்தில் ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

திடீரென்று கீழே பெரிய சிரிப்பு. மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

“என்ன சொன்னா?” என்று கத்தினேன்.

பதில் இல்லை. மறுபடியும் சிரிப்பு. அப்புறம் சட்டென்று அமைதி. அந்த அமைதிதான் என்னைச் சிரிப்பைவிட அதிகமாகப் படுத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் படியில் தலையை நீட்டினார். “முடிஞ்சிருச்சி மாப்ள, கைய எடுங்க. நல்லா புடிச்சீங்க, ஒரு வாட்டிகூட அசையல.”

கீழே இறங்கி வந்தேன். திரை நீலமாக இருந்தது. சிக்னல் இல்லை.

“எதுக்குச் சிரிச்சீங்க?”

“அது உங்க விசயம்ப்பா” என்றாள் காவ்யா. செல்வி காபி போட உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சேனல்காரர்களே அந்த நிகழ்ச்சியை இணையத்தில் போட்டுவிட்டார்கள். காவ்யா லிங்க் அனுப்பினாள். நான் எதை வேண்டாம் என்றேனோ அதே உள்ளங்கை அகலத்தில், குளியலறைக்குள் போய் நின்று பார்த்தேன்.

பேட்டி எடுத்த பெண் கேட்கிறார், “உங்க கணவர் உதவி செய்வாரா?”

செல்வி கேமராவைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். “முட்ட வெக்கறதுக்குன்னு வரிசையாப் பெட்டி செஞ்சி, ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டாருங்க. எல்லாக் கோழியும் ஒண்ணாம் நம்பர்லயே போயி முட்ட வெக்குதுங்க. இவரு மத்தப் பெட்டிக்குத் தூக்கித் தூக்கி மாத்துவாரு. அதுங்க கேக்கறதில்லீங்க.”

சிரிப்பு இங்கேதான். தெரிந்துகொண்டேன்.

பிறகு அவளே தொடர்கிறாள். “ஆனா சாயங்காலம் ஒரு கோழி கொறைஞ்சா எனக்குத் தெரியாதுங்க. அவருக்குத்தான் தெரியும். சட்டகூட மாத்தாம டார்ச்ச எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு. ஒண்ணக்கூட வுட்டுட்டு வந்ததில்லீங்க.”

அமைதி இங்கே.

நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எத்தனை தடவை என்று டைரியில் எழுதவில்லை.

மெக்கானிக் வந்து டிஷ்ஷை அதே கோணலில் வைத்து முடுக்கிவிட்டுப் போனார். ஒழுங்கு என்று நான் எதை நினைத்தேனோ அது என் சுவருக்கான ஒழுங்கு. டிஷ் பார்க்க வேண்டியதோ வானத்தை. குவாலிட்டி இப்போது நன்றாக வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவை மாடிக்குப் போகும்போதும் அதைப் பார்த்து என் கை பரபரக்கிறது.

துணி எடுக்கச் செல்வி இப்போதெல்லாம் என்னை அனுப்புவதில்லை.