குடைத்துணியும் கொஞ்சம் காற்றும்

பஞ்சர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் பஞ்சர்காரர், அந்தப் பக்கம் அவர் மனைவி. "ரெண்டு பேரும் ஓட்டையை அடைச்சே குடும்பத்தை ஓட்டுறாங்க" என்பது அவருடைய மைத்துனனின் பழைய கேலி. முட்டை வேன் ஓட்டுகிறவனுக்கு அதற்குமேல் புதிதாக யோசிக்க நேரமில்லை.

பஞ்சர்காரர் பெரிய நம்பிக்கைக்காரர் இல்லை. அடைத்து வைத்த காற்றை நம்புவார், அவ்வளவுதான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துப்போனது. தையல்காரி அதற்கு நேர் எதிர். எதையும் கண்ணாலேயே அளந்துவிட்டு, டேப்பை எடுப்பது வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காக மட்டும்தான். காலையில் மெஷினில் குனிந்தால் வெளிச்சம் போகும்போதுதான் நிமிர்வாள்.

அப்படிக் குனிந்தே கிடந்தவளுக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி வழியாக வேனில் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரின் மேல் யாரோ ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். கையை ஆட்டவில்லை, காலை உதைக்கவில்லை. அவளுடைய தலை ஜன்னலோடு சேர்ந்து பின்பக்கம் திரும்பிக்கொண்டே போனது. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்த மாதிரி படுக்கணும்."

"எந்த மாதிரி?"

"தண்ணி மேல. வானத்தைப் பாத்துக்கிட்டு."

"பாயைப் போட்டு மொட்டை மாடியில படு. வானம் அங்கேயும்தான் இருக்கு."

"பாய் நம்மளத் தாங்குறது என்ன அதிசயம்? அதுக்குக் கீழ சிமெண்ட் இருக்கு."

பஞ்சர்காரருக்கு நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு ஒன்று பிடித்துவிட்டால் நூலை அறுத்தாலொழிய மெஷின் நிற்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குடும்பமே ஏரிக்குப் போக ஆரம்பித்தது. முட்டை வாசம் அடிக்கும் வேனில் முன்னால் மைத்துனன், பின்னால் இவர்கள் மூவர். கல்லூரியில் படிக்கும் மகள் மரநிழலில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மைத்துனன் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூங்குவான். மீன் பிடிப்பதாகத்தான் அவன் சொல்லிக்கொண்டான். கரை முழுக்க வேறு குடும்பங்கள்: சீட்டாடுகிறவர்கள், பந்து எறிகிறவர்கள், ஒன்றுமே செய்யாமல் காலை நீட்டிப் படுத்திருப்பவர்கள். பஞ்சர்காரருக்கு அந்தக் கடைசி வகையைப் பார்த்தால் கை நமைச்சலெடுக்கும். யாருடைய சைக்கிளையாவது புரட்டிப்போட்டுக் காற்று சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார்.

"அப்பா, உங்களுக்கு என்னதான்ப்பா பிடிக்கும்?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எல்லாம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் அந்தக் கேள்வி டயருக்குள் மாட்டிய முள் மாதிரி கூடவே சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் இறங்குவதற்கென்று தையல்காரி தனக்கொரு உடை தைத்திருந்தாள். குடை ஆர்டரில் மிஞ்சிய கறுப்புத் துணி. நனைந்தால் உடம்போடு ஒட்டி மானத்தை வாங்கும் துணி வேண்டாம் என்பது அவள் கணக்கு. முழுக்கால், முழுக்கை, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் எலாஸ்டிக், எல்லா ஓரமும் இரட்டைத் தையல்.

"அக்கா, மழை வந்தா உன்னை விரிச்சு நாங்க எல்லாரும் அடியில நின்னுக்கலாம்" என்றான் தம்பி.

"நீ நில்லு. இடி விழுந்தா உன் தலையில விழட்டும்."

டிராக்டர் டியூபில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை அவள் இடுப்பில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் பஞ்சர்காரர் நின்றார். மகள் அம்மாவின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கி, மெல்லக் கையை எடுத்தாள். அவ்வளவுதான். தையல்காரி மிதந்தாள். முதல் நாளே! ஊரே வாயைப் பிளந்தது. "பொறக்கும்போதே கத்துக்கிட்டு வந்துட்டாங்க போல" என்று சீட்டாட்டக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பஞ்சர்காரர் ஒருவாரம் முழுக்க டியூப் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

மாதங்கள் போயின. அவள் காலை லேசாக உதைத்துப் பின்பக்கமாக நகரக் கற்றுக்கொண்டாள். அப்புறம் ஒரு ஞாயிறு, கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு இது வேண்டாங்க. அந்தப் பட்டமரம் வரைக்கும் போயிட்டு வரேன்."

இலையெல்லாம் உதிர்ந்துபோன அந்த மரம் ஏரிக்குள் தனியாக நின்றது. அங்கே ஆழம் அதிகம். "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு அவர் டியூபுக்குள் உட்கார்ந்துகொண்டார். அவள் வானத்தைப் பார்த்தபடி மெல்ல மெல்ல விலகிப்போனாள். கறுப்பு உடை வயிற்றின் மேலும் தொடைகளின் மேலும் புடைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார்.

அவள் கணுக்கால் பக்கத்திலிருந்து ஒரு குமிழி. பின்னால் இன்னொன்று. பிறகு கோர்த்த மணி மாதிரி வரிசையாக.

கரையில் இருந்த யாருக்கும் அது ஒன்றுமில்லை. இவருக்கு அப்படி இல்லை. முப்பது வருடமாகத் தொட்டிக்குள் பார்த்த அதே குமிழி. எத்தனையோ மாதமாகக் கண்முன்னால் இருந்தது ஒரே நொடியில் விளங்கியது. நனைந்த குடைத்துணி காற்றை விடாது. நாலு பக்கமும் எலாஸ்டிக். இரட்டைத் தையல். இத்தனை நாளும் அவள் மிதக்கவில்லை, உள்ளே அடைபட்ட காற்றுதான் அவளை மிதக்க வைத்திருக்கிறது. மானத்துக்கு என்று தைத்த உடை டியூபாகிப்போயிருக்கிறது! இப்போது எங்கேயோ தையல் விட்டிருக்கிறது. காற்று போய்க்கொண்டிருக்கிறது. அவள் பட்டமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

கத்தலாமா? கத்தினால் பயந்து துள்ளுவாள், இருக்கிற காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். மைத்துனனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் அவன் தூண்டில் போட வேனை எதிர்க்கரைக்கு ஓட்டிப்போய், அதன் நிழலில் வாயைத் திறந்து தூங்குகிறான். பஞ்சர்காரர் இரண்டு கையையும் துடுப்பாக்கித் தண்ணீரை வாரி வாரித் தள்ளினார். டியூப் பாதி நேரம் நேராகப் போகாமல் ஆட்டுக்கல் குழவி மாதிரி சுற்றியது. காலுக்கு அடியில் தரை எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை.

நெருங்கும்போது குமிழி நின்றிருந்தது. காற்று தீர்ந்தால்தான் குமிழி நிற்கும். துணி தளர்ந்து, சுருங்கி, ஈரக் காகிதம் போல அவள் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு மூச்சளவு காற்றுகூட இல்லை.

அவள் முழுகவில்லை.

அவர் துடுப்புப் போடுவதை மறந்தார். ஏரி அவளைச் சுற்றி அசையாமல் இருந்தது. முகம் மட்டும் வட்டமாக வெளியே. கண் திறந்திருந்தது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு ஒரு விரல் உயர்ந்தது, விடும்போது ஒரு விரல் தாழ்ந்தது. அவளுக்கு அடியில் சிமெண்ட் இல்லை, பாய் இல்லை, ரப்பர் இல்லை, ஒட்டுப் போட்ட எதுவுமே இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் குனிந்தே இருந்த முதுகு, ஆழத்தின் மேல் நிமிர்ந்து கிடந்தது. யாரையோ முதன்முதலாகப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். ஏதாவது சொன்னால் அது கலைந்துவிடும் என்று தோன்றியது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நின்றது, அதற்கு அவரிடம் பெயர் இல்லை.

"எதுக்குத் தண்ணியை இப்படிப் போட்டு அடிக்கிறீங்க?" என்றாள் அவள், வானத்தைப் பார்த்தபடியே. "காது தண்ணிக்குள்ள இருக்கு. நீங்க கிளம்பினப்பவே கேட்டுருச்சு."

"உன் துணியில... காத்து..."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"தைச்சவளுக்குத் தெரியாதா? ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ராத்திரி அழுகையா வந்துச்சு. நம்மளால முடிஞ்சுதுன்னு நினைச்சோமே, எல்லாம் துணி பண்ணின வேலைன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் வாரா வாரம் ஒரு விரக்கடை தையலைப் பிரிச்சேன். காத்து கொஞ்சம் கொஞ்சமாக் கம்மியாச்சு. இன்னைக்குக் காலையில கால் எலாஸ்டிக்கையும் உருவிட்டேன்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க உடனே ஒட்டுப் போட வந்துருவீங்க."

அவர் சிரித்தார். சிரித்ததில் டியூப் ஆடியது. அப்போதுதான் கீழே பார்த்தார். கறுப்புத் தண்ணீர். டியூபின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போகத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியாது."

"கயிறு எங்க?"

கயிறு டியூபில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதை வாங்கி, தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மல்லாந்தபடியே காலை உதைத்தாள். கயிறு விறைத்தது. டியூப் மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது.

செய்வதற்கு அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தார். வானம் இத்தனை பெரிதாக இருந்திருக்கிறது. ஒரு மேகம், ஓரம் மடித்து அடிக்காத துணி மாதிரி நூல் நூலாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அது பிரிந்து முடியும்வரை பார்த்தார். கை நமைச்சலெடுக்கவில்லை.

கரையோரம் மகள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள், புத்தகம் எங்கேயோ விழுந்திருந்தது. மைத்துனன் எழுந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, நடப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என்ன மாமா, பஞ்சரா? அக்கா கயிறு கட்டி டோ பண்ணிட்டு வருது?"

"ஆமா மாப்ளே" என்றார் அவர், அசையாமல். "நீ சத்தம் போடாம இரு."

திரும்பும்போது வேனில் மகள் அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவை இரண்டு மூன்று முறை பார்த்தாள். பஞ்சர்காரர் கொஞ்ச தூரம் ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தார். அது மறைந்ததும் மனைவி பக்கம் திரும்பினார்.

"அந்தக் குடைத்துணி மிச்சம் இருக்கா?"

தையல்காரியின் கண் அவருடைய ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு ஒருமுறை போய்த் திரும்பி வந்தது.