ஈரமணலில் வைத்த மருந்து

"மருந்துக்குத் தடை இல்லை, உரிய அனுமதிக் கடிதம் இருந்தால் போதும்." போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் சாமான்களுக்கு இதுதான் விதி. நான் கொழும்பில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவன். விதியைக் கண்டால் நம்பிவிடுவேன்.

நேற்று இங்கே லண்டனில் ரெய்னர்ஸ் லேன் மருந்துக்கடையில் என் இன்சுலினை எடுத்துத் தந்த பிள்ளை, "அங்கிள், மறக்காமல் ஃபிரிட்ஜில வையுங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். குளிர் முகத்தில் பட்டதும், முன்பு வேலை செய்த வெம்பிளிப் பெற்றோல் நிலையத்துக்கு நினைவில் போய்விட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே சோடாவுக்கென்றே ஆளுயரக் குளிர்பெட்டிகள் இருந்தன. அவற்றை நிரப்புவது என் வேலை. படித்த படிப்பு வீண்போகவில்லை.

கூட வேலை செய்த ராசன் எங்கள் ஊரவன், புதிதாக வந்தவன். புறப்படுமுன் என் அக்காவைப் பார்த்திருந்தான். அக்காவுக்கும் என்னைப்போலச் சீனி வருத்தம், நீரிழிவு. ஊரில் மின்சாரம் நின்று வெகுகாலம்.

"அக்கா ஊசிமருந்தை மண்பானைக்குள்ள ஈரமணல் போட்டு வச்சிருக்கிறா, அண்ணை. ஹெலி சுட வந்தால் முதல்ல பானைதான் பங்கருக்குள்ள போகும். பிறகுதான் அத்தான்."

"அத்தான் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர் வெயிலுக்குப் பழுதாகமாட்டாராம்."

சிரித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்ப்பதையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்பதையும் சொன்னான். கடைசியாகத்தான் சொன்னான், மருந்து ஆவணி வரைக்கும்தான் காணும், பிறகு இல்லை என்று.

ஊருக்குப் போன ஒருவரிடம் மருந்து கொடுத்துவிட்டேன். சோதனைச் சாவடியில் பறித்துக்கொண்டார்கள். அனுமதிக் கடிதம் இல்லையாம். நியாயம்தான். கொழும்புக்கு விண்ணப்பித்தேன்: மருத்துவச் சான்றிதழ், பிரதிகள், பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல்.

"உங்கட இங்கிலீசு விளங்காமல் டிக்சனரி தேடுறாங்களாக்கும்" என்பான் ராசன். ஒருநாள் வெம்பிளிக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று போனது. பேசிக்கொண்டிருந்தவன் கவுன்டருக்குக் கீழே படுத்துவிட்டான். சத்தம் போனதும் எழும்பி, தூசி தட்டி, காத்து நின்றவருக்கு மீதிக்காசு கொடுத்தான். நான் சோடா அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆவணியும் போனது.

ராசன் இப்போது கனடாவில். பெற்றோல் நிலையம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. பானை என்ன ஆனதென்று அத்தானிடம் நான் கேட்கவில்லை. அவரும் போய்விட்டார். அனுமதிக் கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. முத்திரை, கையொப்பம், எல்லாம் ஒழுங்கு. அது காலைத் தபாலில் வந்தது, அக்கா செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியையன்று.