ஒடித்துப் பார்த்த கள்ளி

போன சனிக்கிழமை காலை ஏழே காலுக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். என் கண்ணுக்கல்ல. நண்பர் காசிமின் இடது கண்ணுக்கு அன்றுதான் கட்டு அவிழ்க்கிறார்கள்.

காசிம் கிள்ளையில் கருவாட்டு வியாபாரி. எனக்குள்ள அதே பைத்தியம் அவருக்கும் — காட்டுக்கள்ளிகளைத் தேடிப் பிடித்து, இடமும் தேதியும் போட்டு லேபிள் எழுதி வைப்பது.

முள்ளும் சதையுமாக இருந்தால் நமக்கு எல்லாமே கள்ளிதானே? தாவரவியல் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி தனிக் குடும்பம். நம் சதுரக்கள்ளியோ ஆமணக்குக்குச் சொந்தம்!

மூன்று வாரம் முன்பு காசிம் மணல்மேட்டில் ஒரு செடியைப் பார்த்துவிட்டு, என்ன குடும்பம் என்று கேட்டு எழுதியிருந்தார். அன்றைக்கே கார்டு போட்டேன். 'ஒடித்துப் பாரும். தண்ணீராகக் கசிந்தால் சப்பாத்திக் குடும்பம். பால் வந்தால் இல்லை.' ஓரத்தில் அந்தக் குடும்பத்தின் லத்தீன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதினேன். கையைக் கழுவச் சொல்லி எழுதவில்லை.

ஒடித்திருக்கிறார். பால் வந்திருக்கிறது. நல்ல வெயில்... அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்திருக்கிறார். எரிந்த கண்ணில் இரண்டு நாள் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்களாம். அப்புறம்தான் கடலூர்.

டாக்டர் அறை வாசல் பெஞ்சில் காசிம் உட்கார்ந்திருந்தார்.

"வா மச்சான். பால் வந்துச்சு. அப்ப அது சப்பாத்திக் கட்சி இல்ல" என்று சிரித்தார்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கண்ணே. ஒரு செடி எந்தக் குடும்பம்னு தெரிஞ்சிக்க யாராச்சும் கண்ணக் குடுப்பாங்களா?"

"ஒடிக்கச் சொன்னதே நான்தாம்மா."

"இவரு சொல்லவே இல்லியே..." என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. பெயர் தெரிந்தால் செடியையே தெரிந்ததாக நினைப்போம். ஆடு மேய்ப்பவருக்கு எந்தப் பெயரும் தெரியாது. ஆனால், கள்ளியைத் தொட்ட கையை அவர் கண்ணருகே கொண்டுபோக மாட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கட்டை அவிழ்த்தார். பஞ்சை எடுத்தார். நல்ல கண்ணைத் தன் இடக்கையால் பொத்தினார்.

"விரல் காட்டுவேன் பாய். எத்தனைன்னு சொல்லணும்."

காசிம் நான் நின்ற பக்கமாகத் திரும்பி, அவசர அவசரமாக, "மூணு... மூணு! நல்லாத் தெரியுது மச்சான்" என்றார்.

டாக்டர் அதுவரை மறுகையைத் தூக்கவே இல்லை.