ஐந்து பேருக்கான பட்டைகள்

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும். மடத்துக்குளத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். கடைசித் தூரம் முழுக்கப் பாறையும் ஓடைக்கல்லும்தான் பாதை. காரில் வருகிறவர்கள் கீழேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஜீப் மட்டும் வாசல் வரைக்கும் போகும்.

திருப்பூரில், மங்கலம் சாலையில், சின்னதாக ஒரு நிட்டிங் வைத்திருக்கிறேன். பார்ட்டிகள் நூல் கொடுப்பார்கள், துணியாக ஓட்டிக் கொடுப்பேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். வார நாட்களை மெஷின் சத்தம் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போய்விடுவேன்.

போன முறை வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தபோது எல்லோரையும் இந்த ஜீப்பில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அது ஒரு பெரிய கூத்து. ஸ்டியரிங்கைப் பாதி சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கவே ஆரம்பிக்கும். ஓடையில் இறங்கினால் இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் சுத்தமாகத் தொய்ந்துபோய், ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் மடார் மடாரென்று இடித்தது. பேரன் வாந்தி எடுத்தான். மருமகள் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் சொன்னாள்:

"மாமா, கோயிலுக்கு எப்பக் கூப்புட்டாலும் வர்றனுங்க. இந்த வண்டியில மட்டும் இனி ஏத்தாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த வருடம் பேத்திக்குக் காது குத்த வருவதாக மகன் போனில் சொன்னான். "தை மாசம் வந்தர்றோமுங்ப்பா. நம்ம கோயில்லயே குத்திக்கலாமுங்க." மறுநாளே ஜீப்பை ஒர்க்ஷாப்பில் விட்டேன்.

திருப்பூரில் தொழில் செய்கிறவனுக்கு ஒரு பாலபாடம் உண்டு. சரக்கு வாங்கும் பையர் வாயால் சொன்னதை நம்பித் துணி வெட்டக் கூடாது. ஆர்டர் எழுத்தில் வர வேண்டும், சாம்பிள் ஓகே ஆக வேண்டும், அப்புறம்தான் கட்டிங் மேசையில் துணியை விரிக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வெட்டிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களை நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். டிக்கெட் போட்டாயிற்றா என்று மகனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

ஆனால் சாம்பிள் அனுப்புவதில் குறை வைக்கவில்லை. பவர் ஸ்டியரிங் மாட்டியதும் சுண்டுவிரலால் அதைத் திருப்பிக் காட்டி மகனுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். ஷாக் அப்சார்பர் மாற்றியதும் இன்னொன்று. சீட்டுக்குப் புதிதாக மெத்தை தைத்து, அதையும் அமுக்கிக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிடுவான். அதையே அப்ரூவலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டை அடுக்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, வண்டியில எத்தன பேரு போவீய? அதுக்குத் தக்கனதான் பட்ட வைக்கணும்."

"அஞ்சு பேருங்க. அப்புறம் பொங்கச் சட்டி, தண்ணிக் கொடம், சாமானமெல்லாம் இருக்குமுங்க."

"எப்பவும் அஞ்சு பேருதானா? பாரத்துக்கு வச்ச பட்ட, ஆளில்லாம ஓட்டுனா தூக்கித் தூக்கிப் போடும், பாத்துக்கிடுங்க."

"ஆளில்லாம நான் எதுக்குங்க போறேன்?" என்றேன், வெடுக்கென்று. அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கனமான பட்டைகளாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

வண்டி கைக்கு வந்ததும் சோதித்துப் பார்க்க ஆசை. ஐந்து பேருக்கு எங்கே போவது? நிட்டிங்கிலிருந்து நூல் மூட்டைகளை ஏற்றினேன். மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று என்று நானே இடம் ஒதுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். கோயில் பாதையில் ஜீப் மிதந்துகொண்டு போனது. ஓடையில் இறங்கி ஏறியபோது ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பக்கத்து மூட்டையைப் பார்த்து, "எப்படி?" என்று வாய்விட்டே கேட்டேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

தை பிறப்பதற்கு முன்பே மகன் போன் செய்தான். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"புது வேலைங்ப்பா, லீவு கேக்க முடியலீங்க. பாப்பாவுக்கு இங்கயே ஒரு கோயில்ல காது குத்தியாச்சுங்க. அவ மாமனும் இங்கதான இருக்கறாரு, அவரு மடியிலயே உக்கார வெச்சுக் குத்தீட்டோம். கோவிச்சுக்காதீங்ப்பா."

"இதுல கோவிச்சுக்க என்ன கண்ணு இருக்குது? எங்க குத்துனாலும் காதுதான?" என்றேன். சிரித்தும் வைத்தேன். பேத்தியைப் போனில் காட்டினார்கள். தோடு மின்ன, எங்கள் பக்கத்தில் தாத்தாவை அழைப்பதுபோல "அப்பாரு" என்று கூப்பிட்டாள். போனை வைத்த பிறகு கோபம் யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை இறக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். மெக்கானிக் சொன்னது சொன்னபடியே நடந்தது. அமுக்கிப் பிடிக்கப் பாரமில்லாமல் பட்டைகள் விறைத்து நின்றன. சின்னக் கல்லுக்கெல்லாம் ஜீப் எகிறிக் குதித்தது. மேல்கம்பியில் தலை மோதியது. பழைய வண்டியே தேவலாம் என்றாகிவிட்டது. பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

பிறகு நூல் மூட்டைகளை மறுபடியும் ஏற்றிக்கொண்டேன். கோயில் அடிவாரத்து டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நூல எதுக்குங்க மலைக்குக் கொண்டு போறீங்க?" என்றார். "காத்து வாங்கட்டும்னுங்க," என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நிட்டிங் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "பார்ட்டி நூலுங்க. இப்படியே வண்டியில கெடந்தா அழுக்காயிருமுங்க. துணியில கறை காட்டும்," என்றார். அதுவும் நியாயம்தான். இறக்கினேன்.

அதற்குப் பதிலாக மணலை நிரப்பிக்கொள்ளலாம் என்று வெறும் சாக்குகளோடு ஓடைக்குப் போனேன். ஒரு சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு மணலை அள்ளிப் போட்டேன். பேத்தி என்ன எடை இருப்பாள் என்று மனம் கேட்டது. எனக்குத் தெரியவில்லை. கடைசியாக அவளைத் தூக்கியபோது கைக்குழந்தை. சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் மெக்கானிக்கிடம் போய்ப் பட்டைகளைக் குறைக்கச் சொன்னேன்.

"எத்தன பேருக்கு வைக்கட்டும் அண்ணாச்சி?"

"நான் ஒருத்தன்தானுங்க."

"வெளிநாட்டுலேர்ந்து ஒங்க பிள்ளைய எல்லாம் வந்தா?"

"வரமாட்டாங்க," என்றேன். அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு, நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். கழற்றிய பட்டைகளைப் பழைய இரும்போடு போட்டுவிடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது வண்டி அத்தனை சுகமாக ஓடியது. பள்ளம் மேடு தெரியவில்லை, ஸ்டியரிங் பஞ்சுபோல இருந்தது. என் ஒருவன் எடைக்கு அளந்து செய்ததுபோல எல்லாம் பொருந்தியிருந்தது. அந்தச் சுகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முழங்கை பக்கத்து சீட்டில் பட்டபோதெல்லாம் இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். உற்சாகமாக இருந்தான். "அடுத்த வருசம் கண்டிப்பா வர்றோமுங்ப்பா. உங்க மருமகளே சொல்லீட்டா, மாமா ஜீப்புலயே கோயிலுக்குப் போலாம்னு. நாங்க அத்தன பேரும் ஏறுனாத் தாங்குமுங்களா?"

"தாங்கும் கண்ணு," என்றேன். "உங்களுக்குன்னுதான செஞ்சு வெச்சிருக்குது."